தட்டையான கோட்டுக்குள் துடிக்கும் தாளம்

(மதுவக் கலங்களின் சர்க்கரை அனுசேபத்தில் தோன்றும் அலைவுகளும் அலைகளும் பற்றி மட்டக்களப்பில் ஆற்றிய பொது உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கும் வணக்கம்.

பாணுக்குக் குழைத்து வைத்த மா ஒரு மணித்தியாலத்தில் பொங்கி மேலெழுகிறது. அப்பத்துக்குக் கள்ளு விட்டுக் கரைத்த மா இரவோடு இரவாக நுரைத்து நிற்கிறது. இரண்டிலும் வேலை செய்வது ஒரே உயிர்தான். பேக்கரியில் அதை ஈஸ்ட் என்கிறோம், பாடப்புத்தகத்தில் மதுவம் என்கிறோம். சர்க்கரையை உடைத்துக் காபனீரொட்சைட்டும் எதனோலும் ஆக்குவது அதன் பிழைப்பு. சர்க்கரை போதிய அளவு இருக்கும்வரை இந்த வேலை குழாயில் தண்ணீர் ஓடுவதைப்போல ஒரே சீராக நடக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். தகுந்த முறையில் ஆயத்தம் செய்த மதுவக் கலங்களில் அப்படி நடப்பதில்லை. சர்க்கரையை உடைக்கும் ஓட்டம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஏறத்தாழ 30 தொடக்கம் 40 செக்கன்களுக்கு ஒரு தடவை துடிக்கிறது. வெளியிலிருந்து யாரும் தாளம் போடுவதில்லை. பகலும் இரவும் மாறுவதில்லை. வெப்பநிலையும் மாறுவதில்லை. ஆனாலும் துடிக்கிறது.

இன்று சொல்ல வந்த விடயம் ஒன்றுதான். கருவியில் வரும் கோடு தட்டையாக இருந்தால் கலங்கள் சும்மா இருக்கின்றன என்று முடிவுகட்டக் கூடாது. கோடி கோடிக் கலங்களின் கூட்டுத்தொகையைத்தான் கருவி காட்டுகிறது. கூட்டுத்தொகை அசையாமல் நிற்க, உள்ளே ஒவ்வொரு கலமும் துடித்துக்கொண்டிருக்கலாம்.

வசந்தன் கூத்து பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். களரியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கோலடித்தால், "டக், டக்" என்று தெளிவான ஓசை தூரத்துக்கும் கேட்கும். அதே ஆட்டக்காரர் அதே வேகத்தில், ஆனால் ஆளுக்கொரு நேரத்தில் அடித்தால் தூரத்தில் நிற்பவருக்கு ஓயாத இரைச்சல் ஒன்றுதான் கேட்கும். எவரும் கோலடிப்பதை நிறுத்தவில்லை, தாளம் மட்டும் காணாமற் போய்விட்டது. வசந்தனுக்கு ஆட்டத்தை நடத்தும் அண்ணாவியார் இருக்கிறார், மத்தளம் இருக்கிறது. மதுவக் கலங்களுக்கு இரண்டும் இல்லை. அவை எப்படி ஒன்றாக அடிக்கின்றன என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில், ஒரு கலம் தனியாக ஏன் துடிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

கலம் குளுக்கோசைப் படிப்படியாக உடைக்கும் பாதைக்குக் கிளைக்கோபகுப்பு என்று பெயர். அதன் முதற் பாதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு குளுக்கோசு மூலக்கூறை உடைக்க, கலம் முதலில் தன் கையிலிருந்து, சக்தியைத் தாங்கி நிற்கும் ஏ.ரி.பி. மூலக்கூறுகள் இரண்டைச் செலவழிக்க வேண்டும். பிற்பாதியில் நான்கு ஏ.ரி.பி. திரும்பி வருகிறது. நிகர இலாபம் இரண்டு. வயலுக்கு விதைநெல் போட்டு அறுவடையில் மீட்பதைப்போன்ற கணக்கு. போட்டால்தான் வரும், வந்ததில் ஒரு பங்கை மறுபடியும் போட வேண்டும். இப்படி விளைச்சலே முதலாகவும் இருக்கும் எந்த முறைமையும் இயல்பிலேயே தளம்பக்கூடியது.

அந்த இரண்டாவது ஏ.ரி.பி.யைச் செலவழிக்கும் இடத்தில் பொஸ்போபிரக்டோகைனேஸ் என்ற நொதியம் இருக்கிறது. பிரக்டோசு-6-பொசுபேற்றை எடுத்து, ஏ.ரி.பி.யிலிருந்து ஒரு பொசுபேற்றுக் கூட்டத்தை அதில் ஒட்டி, பிரக்டோசு-1,6-இருபொசுபேற்று ஆக்குகிறது. ஏ.ரி.பி. இங்கே ஏ.டி.பி. ஆகிவிடுகிறது. இந்த நொதியத்தின் குணம்தான் விசேடம். ஏ.ரி.பி. இதற்கு ஒரு தாக்கி. அதுவே அளவுக்கு மிஞ்சினால் நொதியத்தை அடக்கவும் செய்கிறது. மறுபக்கம், ஏ.டி.பி.யைவிட இன்னும் ஒரு பொசுபேற்றுக் குறைந்த ஏ.எம்.பி. இதை முடுக்கிவிடுகிறது. இரண்டு ஏ.டி.பி. சேர்ந்து ஒரு ஏ.ரி.பி.யும் ஒரு ஏ.எம்.பி.யும் ஆகக்கூடும் என்பதால் ஏ.டி.பி. கூடினால் ஏ.எம்.பி.யும் கூடும். ஆக, நொதியம் வேலை செய்யச் செய்ய, அதன் விளைபொருளே அதை மேலும் விரைவுபடுத்துகிறது.

இனி சுற்றைத் தொடர்ந்து பாருங்கள். நொதியம் அடங்கிக் கிடக்கும்போது பிரக்டோசு-6-பொசுபேற்று தேங்குகிறது. ஏதோ ஒரு கட்டத்தில் வேலை தொடங்குகிறது, ஏ.டி.பி. கூடுகிறது, நொதியம் இன்னும் வேகமெடுக்கிறது. தேங்கியிருந்தது சடுதியாகத் தீர்கிறது. கீழே போன பொருளிலிருந்து பிற்பாதி ஏ.ரி.பி.யை உண்டாக்குகிறது. ஏ.ரி.பி. கூட, நொதியம் மறுபடியும் அடங்குகிறது. தேக்கம் திரும்பத் தொடங்குகிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: தன்னைத்தானே தூண்டும் பின்னூட்டல் ஒன்று, அது தணிவதற்குள் ஒரு தாமதம் மற்றொன்று. இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஓட்டம் சீராகிவிடும்.

நீண்ட காலம் இந்த ஒரு நொதியத்தையே தாளத்தின் பிறப்பிடம் என்று சொல்லி வந்தார்கள். அது முழுவதும் சரியல்ல. சர்க்கரையைக் கலத்துக்குள் கொண்டுவரும் காவிப் புரதங்களின் வேகத்தைக் குறைத்தாலும் தாளத்தின் வேகம் மாறுகிறது. முழுச் சங்கிலியும் சேர்ந்துதான் அலைவுகாலத்தைத் தீர்மானிக்கிறது. பொஸ்போபிரக்டோகைனேஸ் அதில் பலமான கண்ணி, ஒரே கண்ணியல்ல.

கலத்துக்குள் நடப்பதை வெளியில் நின்று எப்படிப் பார்ப்பது? இதற்கு இயற்கையே ஒரு விளக்கை வைத்திருக்கிறது. கிளைக்கோபகுப்பில் உருவாகும் என்.ஏ.டி.எச். என்ற துணைநொதியம் 340 நனோமீற்றருக்கு அண்மையான ஊதா கடந்த ஒளியை உறிஞ்சி, 450 நனோமீற்றர் அளவில் நீல ஒளியாக வெளிவிடும். ஐதரசனை இழந்து என்.ஏ.டி. ஆகிவிட்டால் அந்தப் புளோரொளிர்வு இல்லை. சாயம் எதுவும் ஊற்றத் தேவையில்லை. நீல ஒளி கூடிக் குறைவதே தாளம்.

1957இல் நெதர்லாந்தின் டொய்சன்ஸ், ஆமெஸ் இருவரும் மதுவக் கலங்களில் இந்த ஒளி தளம்புவதைக் கண்டார்கள். 1964இல் பிலடெல்பியாவில் பிரிட்டன் சான்ஸும் கூட்டாளிகளும் அதைத் தெளிவாகப் பதிந்தார்கள். வாவியில் தோணி விடும் ஊரில் இதையும் சொல்லலாம்: இதே சான்ஸ் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றவர். அதே 1964இல் அவரும் ஹெஸ், பெட்ஸ் ஆகியோரும் கலங்களை உடைத்தெடுத்த சாற்றிலும் தாளம் இருப்பதைக் காட்டினார்கள். எடுவார்ட் பூக்னர் 1897இல் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்த சாறு, உயிருள்ள கலமே இல்லாமல் சர்க்கரையை நொதிக்கச் செய்தது என்று கண்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நொதித்தலுக்கு முழுக் கலம் வேண்டாம் என்று பூக்னர் காட்டினார். தாளத்துக்கும் முழுக் கலம் வேண்டாம் என்று இவர்கள் காட்டினார்கள். சாற்றில் நொதியங்கள் ஐதாகிவிடுவதால் தாளம் மெதுவாகிறது. செக்கன்களில் இருந்த அலைவுகாலம் சில நிமிடங்களாக நீள்கிறது.

சாற்றில் செய்த ஒரு சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டாமல், பம்பியால் சீரான வேகத்தில் துளித்துளியாகச் செலுத்தினார்கள். லீற்றருக்கு மணித்தியாலத்தில் சுமார் 20 மில்லிமோலுக்குக் குறைவாகச் செலுத்தினால் தாளம் இல்லை. சுமார் 160 மில்லிமோலுக்கு மேலே போனாலும் தாளம் இல்லை. இடைப்பட்ட வேகத்தில் மட்டும் துடிப்பு, அதுவும் வரத்துக் கூடக் கூட விரைவான துடிப்பு. வரத்துக் குறைவாயின் நொதியம் தேக்கத்தை உடனுக்குடன் தீர்த்துவிடுகிறது. வரத்து மிஞ்சினால் நொதியம் ஓய்வதற்கே இடமில்லை. இந்த இரண்டு எல்லைகளையும் மனதில் வைத்திருங்கள். கடைசியில் இதை நீங்களே கணினியில் கண்டுபிடிக்கலாம்.

இப்போது முழுக் கலங்களோடு செய்யும் சோதனையின் கைவேலையைச் சொல்கிறேன். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இதைச் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் தோற்பது கருவியால் அல்ல, கலங்களை ஆயத்தம் செய்வதில்தான்.

லீற்றருக்கு 10 கிராம் குளுக்கோசு உள்ள வளர்ப்பூடகத்தில், 30 பாகை செல்சியசில், குலுக்கிக்கொண்டே வளர்க்க வேண்டும். அறுவடை செய்யும் கணம் மிக முக்கியம். ஊடகத்தில் குளுக்கோசு தீர்ந்துபோகும் அந்தத் திருப்பத்தில் எடுக்க வேண்டும். குளுக்கோசுப் பட்டியை அடிக்கடி நனைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். பிந்தினால், தாம் உண்டாக்கிய எதனோலையே உண்ணும் வாழ்க்கைக்குக் கலங்கள் மாறிவிடும். அவற்றின் நொதியங்களின் அளவு மாறிவிடும், தாளம் வராது. முந்தினாலும் நல்ல தாளம் கிடைக்காது.

எடுத்த கலங்களை வடிகட்டி, லீற்றருக்கு 100 மில்லிமோல் கொண்ட பொற்றாசியம் பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில், பி.எச். 6.8 அளவில், இரண்டு தடவை கழுவ வேண்டும். பிறகு அதே கரைசலில் உணவில்லாமல் சுமார் மூன்று மணித்தியாலம் 30 பாகையில் குலுக்கிப் பட்டினி போட வேண்டும். பலர் இந்த மூன்று மணித்தியாலத்தைச் சுருக்கப் பார்ப்பார்கள். சுருக்கக் கூடாது. கலத்துக்குள் மிச்சமிருக்கும் சேமிப்பு எரிந்து தீர வேண்டும். எல்லாக் கலமும் ஒரே வெறுமையிலிருந்து புறப்பட்டால்தான், குளுக்கோசு விழும் கணத்தில் எல்லாம் ஒரே அவத்தையில், அதாவது துடிப்பின் ஒரே கட்டத்தில், தொடங்கும். கடையில் வாங்கும் உலர்ந்த ஈஸ்ட் பொதி இதற்கு உதவாது. அதன் கலங்களில் திரெகலோசு என்னும் சேமிப்புச் சர்க்கரை நிறைந்திருக்கும், செத்த கலங்களும் கலந்திருக்கும். பாணுக்கு அது நல்லது, தாளம் பார்க்க நல்லதல்ல.

பட்டினி முடிந்ததும் 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் ஈரக் கலம் என்ற செறிவில் கலக்கி, 25 பாகையில் கிளறிக்கொண்டே குளுக்கோசு சேர்க்கிறோம். லீற்றருக்கு 20 மில்லிமோல் வேண்டுமானால் 100 மில்லிலீற்றருக்கு 0.36 கிராம் போதும். சில நிமிடம் கழித்துச் சுவாசத்தை நிறுத்த வேண்டும். வழமையான முறையில் இதற்குச் சேர்ப்பது பொற்றாசியம் சயனைட்டு, லீற்றருக்கு 5 மில்லிமோல் அளவில். சயனைட்டு இரண்டு வேலை செய்கிறது. இழைமணியின் சுவாசச் சங்கிலியை அடைக்கிறது. அதோடு, கலங்கள் வெளிவிடும் அசற்றல்டிகைட்டின் ஒரு பகுதியோடு சேர்ந்து அதைக் குறைத்துவிடுகிறது. இந்த இரண்டாவது வேலை முதலாவதைவிடச் சிறியதென்று எண்ணாதீர்கள், அதற்கு இப்போது வருகிறேன்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. சயனைட்டு அயன் மென்மூலமாகத் தொழிற்பட்டு ஐதரசன் சயனைட்டைத் தரும். அதன் பி.கே. பெறுமானம், அதாவது பாதி அயனாகவும் பாதி ஐதரசன் சயனைட்டாகவும் நிற்கும் பி.எச்., 9.2. பி.எச். 6.8இல் கணக்குப் பார்த்தால் போட்ட சயனைட்டில் 99 வீதத்துக்கும் மேற்பட்டது ஐதரசன் சயனைட்டாகவே நிற்கும், அது ஆவியாகிச் சுவாசத்தோடு உள்ளே போகும். புகைக்கூடும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது. பாடசாலை ஆய்வுகூடத்தில் எந்த நிலையிலும் கூடாது. சயனைட்டு இன்றியும் தாளம் வரும் என்பது நிரூபணமான விடயம். கரைசலுக்குள் ஆகன் வாயுவைச் செலுத்தினால் ஒட்சிசனும் வெளியேறும், எளிதில் ஆவியாகும் அசற்றல்டிகைட்டும் அதோடு போகும். இரண்டு வேலையும் நஞ்சில்லாமல் முடிகிறது. இனி யாராவது புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் ஆகன் வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

அளவீட்டில் நேரும் பிழைகளில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் அது பார்த்தால் பிழையாகவே தெரியாது. அலைவுகாலம் 35 செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 30 செக்கனுக்கு ஒரு தடவை வாசிப்பு எடுக்கிறீர்கள். வரைபில் அழகான ஓர் அலை வரும், ஆனால் அதன் அலைவுகாலம் 210 செக்கன், அதாவது மூன்றரை நிமிடம் என்று காட்டும். அப்படி ஒரு தாளம் குடுவைக்குள் இல்லவே இல்லை. வாசிப்பு எடுத்த இடைவெளியும் உண்மைத் தாளமும் உரசிப் பிறந்த பொய் அது. ஒன்று அல்லது இரண்டு செக்கனுக்கு ஒரு வாசிப்பு வேண்டும். பலூனில் காபனீரொட்சைட்டுப் பிடித்து இந்தத் தாளத்தைக் காட்டலாமா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. வாயு முதலில் கரைசலில் கரைந்து, பிறகு குமிழாகி, பிறகு பலூனை நிரப்ப வேண்டும். அந்தத் தாமதத்துக்குள் 35 செக்கன் தாளம் மழுங்கிப்போகும். பலூன் மொத்தத்தைக் காட்டும், துடிப்பைக் காட்டாது.

இப்போது அண்ணாவியார் இல்லாத களரிக்கு வருவோம். ஒரு மில்லிலீற்றரில் கோடிக்கணக்கான கலங்கள். எல்லாம் ஒன்றாகத் துடிப்பதால்தான் கருவிக்கு அது தெரிகிறது. தொடக்கத்தில் குளுக்கோசு ஒரே நேரத்தில் விழுந்ததால் ஒன்றாகத் தொடங்கின, சரி. ஆனால் எந்த இரண்டு கலமும் ஒரே அளவானவை அல்ல. ஒன்றின் காலம் 34 செக்கனாக, மற்றதன் காலம் 36 செக்கனாக இருந்தால், ஒன்பது துடிப்புக்குள் இரண்டும் எதிரெதிர் அவத்தைக்குப் போய்விடும். அப்படி நடக்கவில்லை என்றால் அவை தமக்குள் பேசிக்கொள்கின்றன என்பதே பொருள்.

1971இல் கோஷ், சான்ஸ், பை மூவரும் இதை நேரடியாகக் கேட்டுப்பார்த்தார்கள். ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது தாழ்வில் இருக்கும்படியாகத் தொடங்கிய இரண்டு கலக்கரைசல்களை ஒன்றாக ஊற்றினார்கள். கலந்ததும் ஒன்றை ஒன்று அழித்துக் கோடு தட்டையாகியது. அப்படியே இருந்துவிடவில்லை. சிறிது நேரத்தில் தாளம் மறுபடியும் எழுந்தது. கலங்கள் சமரசத்துக்கு வந்துவிட்டன.

பேசும் மொழி எது என்ற கேள்விக்கு 1990களில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் விடை தந்தார்கள்: அசற்றல்டிகைட்டு. கிளைக்கோபகுப்பின் முடிவில் கிடைக்கும் பைருவேற்றிலிருந்து எதனோலுக்குப் போகும் பாதையில் கடைசிக்கு முந்திய படி அது. சிறிய மூலக்கூறு, கலமென்சவ்வைத் தடையின்றிக் கடக்கும். கலத்துக்குள் கிளைக்கோபகுப்பு ஏறும்போது அசற்றல்டிகைட்டு கூடி வெளியே வருகிறது, இறங்கும்போது குறைகிறது. வெளியிலிருந்து உள்ளே நுழைந்தால், அற்ககோல் தீஐதரசனேஸ் நொதியம் அதை எதனோல் ஆக்க என்.ஏ.டி.எச்.ஐச் செலவழிக்கிறது. ஆகவே பக்கத்துக் கலத்தின் துடிப்பு இந்தக் கலத்தின் என்.ஏ.டி.எச். அளவைத் தொட்டுப்பார்க்கிறது. பிந்தி வரும் கலத்தை முன்னே இழுக்கிறது, முந்திய கலத்தைப் பின்னே பிடிக்கிறது. கரைசலுக்கு வெளியிலிருந்து அசற்றல்டிகைட்டைச் சிறிது சேர்த்தால், சேர்த்த கணத்தின் அவத்தையைப் பொறுத்துத் தாளம் முன்னோ பின்னோ நகர்வதை அவர்கள் அளந்து காட்டினார்கள்.

சயனைட்டின், ஆகனின் இரண்டாவது வேலை இப்போது விளங்கும். அசற்றல்டிகைட்டு வெளியே தேங்கி நிறைந்துவிட்டால், ஒரு கலம் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வெளிவிடுவது யாருக்கும் உறைக்காது. சந்தை இரைச்சலில் காதோடு சொல்லும் சொல்லைப்போல. தேக்கத்தை அகற்றினால்தான் ஏற்ற இறக்கம் செய்தியாகும். முழுவதும் அகற்றினாலும் பேச்சே இல்லை. நடு அளவு வேண்டும். இதனால்தான் சயனைட்டு கூடினாலும் குறைந்தாலும், ஆகன் ஓட்டம் மாறினாலும் தாளம் கெடுகிறது. 1999இல் கோபன்ஹேகனில் டேனோ, சோரென்சன், ஹின்னே மூவரும் சர்க்கரையும் கலமும் சயனைட்டும் ஒரு பக்கம் தொடர்ந்து உள்ளே வர, மறுபக்கம் வழிந்தோடும் கிளறு தொட்டியில் உயிருள்ள கலங்களின் தாளத்தை ஓயாமல் நிலைநிறுத்தினார்கள். மூடிய குடுவையில் சர்க்கரை தீர்ந்து தாளம் சாவதால் எழுந்த பல ஐயங்களை அது தீர்த்தது.

இனி நமது மையக் கேள்வி. தாளத்தின் வீச்சம் மெல்ல மெல்லக் குறைந்து கோடு தட்டையாகிறது. எது நடந்தது? ஒவ்வொரு கலமும் துடிப்பை நிறுத்தியதா, அல்லது துடித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் போய்விட்டனவா? கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்லவே முடியாது. 2012இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் நுணுக்குக்காட்டியின் கீழ் தனித்தனிக் கலங்களைப் பார்த்தன. சுவீடன் குழு ஒளியிடுக்கியால் கலங்களைப் பிடித்து, இடைவெளி விட்டு நிறுத்தி, நுண்குழாயில் கரைசலை ஓடவிட்டது. தனிமையில் நின்ற கலமும் துடித்தது. ஜேர்மன் குழு, கலங்களின் அடர்த்தி குறையும்போது ஒத்திசைவு கலைந்தும் தனிக்கலங்கள் தொடர்ந்து துடிப்பதைக் காட்டியது. கோடு தட்டை, கலங்கள் துடிப்பு, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இதைச் செய்யும்போது ஊதா கடந்த ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சினால் கலமே பழுதாகிவிடும். சிறு சிறு மின்னலாக ஒளி கொடுத்துப் படம் எடுக்க வேண்டும்.

இதுவரை பேசியதெல்லாம் கிளறிய குடுவை. கிளறாமல் விட்டால் என்ன? இங்கேதான் அலை பிறக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். அசற்றல்டிகைட்டைப் போன்ற சிறிய மூலக்கூறு நீரில் பரவும் விரைவைக் காட்டும் எண் செக்கனுக்கு ஏறத்தாழ 10⁻⁹ சதுர மீற்றர். ஒரு துடிப்பு நடக்கும் 35 செக்கனில் அது போகும் தூரம் கால் மில்லிமீற்றர் அளவு. ஒரு சென்ரிமீற்றர் கடக்க 14 மணித்தியாலம் அளவில் பிடிக்கும், ஏனெனில் தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். அதனால் கிளறாத அடுக்கில், கையெட்டும் தூரத்துக் கலங்கள் ஒத்துப்போகும். ஒரு முனையிலுள்ள கலங்கள் மறுமுனையோடு ஒரே கணத்தில் ஒத்துப்போக வழியில்லை. அயலாரோடு இசைந்து, தொலைவிலுள்ளோரோடு சற்றுப் பிந்தி என்று ஒழுங்கு அமைந்துவிட்டால் அதுதான் அலை. கண்ணகி அம்மன் திருக்குளிர்த்தியில் சன்னதியருகே ஒரு பெண் குரவையிட, அது அயலுக்கு அயல் தொற்றி வெளிவீதிவரை ஓடுவதை நம்மூரார் அனைவரும் கேட்டிருக்கிறோம். எவரும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை, குரவை மட்டும் ஓடியது.

மதுவச் சாற்றை மெல்லிய படலமாக விரித்து, மைர், முல்லர் இருவரும் 1996இல் இந்த அலைகளைப் படம்பிடித்து வெளியிட்டார்கள். என்.ஏ.டி.எச். அலையோடு புரோத்தன் அலையும் ஓடியது. கிளைக்கோபகுப்பு அமிலத்தன்மையை மாற்றுவதால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். 2011இல் உயிருள்ள கலங்களின் அடுக்கிலும் அலைகள் பதிவாயின. ஒத்திசைவு இந்த அலைகள் வழியாகவே நடப்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

ஆனால் கண்ணுக்கு அலையாகத் தெரிவதெல்லாம் ஒரே வகை அல்ல. ஒரு வரிசையில் பத்து மணிக்கூடுகளை ஒன்றுக்கொன்று ஒரு செக்கன் பிந்த வைத்தால், மணியடிப்பது வரிசையில் ஓடுவதுபோலத் தோன்றும். அவை ஒன்றோடொன்று பேசவேயில்லை. இது அவத்தை அலை. குரவை அப்படியல்ல, ஒன்று அடுத்ததைத் தூண்டினால்தான் ஓடும். இது தூண்டல் அலை. பிரித்தறிய எளிய சோதனை உண்டு: நடுவில் மூலக்கூறு கடக்க முடியாத ஒரு தடுப்பு வையுங்கள். அவத்தை அலை தடுப்பைப் பொருட்படுத்தாமல் மறுபக்கத்திலும் தொடரும், தூண்டல் அலை அங்கேயே நின்றுவிடும். மதுவப் படலத்தில் ஒரு பக்கம் வெப்பமோ சர்க்கரையோ சற்றுக் கூடினாலே அங்கே தாளம் விரைந்து, பேச்சில்லாமலே அலைபோன்ற தோற்றம் வந்துவிடும். படலத்தின் தடிப்பும் வெப்பமும் சீராக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்காமல், அலை கண்டேன் என்று அறிவிக்கக் கூடாது.

இது மதுவத்தோடு நிற்கும் விடயம் அல்ல. நமது சதையியில் இன்சுலின் சுரப்பதும் ஒரே சீரான ஓட்டமல்ல. ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு துடிப்பாகச் சுரக்கிறது. அந்தக் கலங்களிலும் பொஸ்போபிரக்டோகைனேஸ் உண்டு. அதன் பின்னூட்டல் அந்தத் துடிப்பில் எவ்வளவு பங்கெடுக்கிறது என்பது தீவிரமாக ஆராயப்படும் விடயம். நீரிழிவு பெருகிவரும் நம் மாவட்டங்களில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நேரம் போகிறது. நஞ்சும் கருவியும் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்லி நிறுத்துகிறேன். 1968இல் செல்கோவ் என்ற ருசிய ஆய்வாளர் இந்த நொதியத்துக்கு மிகச் சிறிய ஒரு கணித மாதிரி தந்தார். ஏ.டி.பி.யை "டி" என்றும், பிரக்டோசு-6-பொசுபேற்றை "ச" என்றும், சர்க்கரை வரத்தை "உ" என்றும், ஒரு மாறிலியை "க" என்றும் வைத்துக்கொண்டால்:

டி மாறும் வேகம் = − டி + க × ச + டி² × ச
ச மாறும் வேகம் = உ − க × ச − டி² × ச

டி²ச என்ற உறுப்புத்தான் தன்னைத்தானே தூண்டும் பின்னூட்டல். கணினியில் அட்டவணைச் செயலியைத் திறந்து, முதல் வரிசையில் டி = 0.5, ச = 1 என்று இடுங்கள். அடுத்த வரிசை = முந்திய பெறுமானம் + நேரப்படி × வேகம். க = 0.08, நேரப்படி 0.02. ஐயாயிரம் வரிசை இழுத்தால் 100 அலகு நேரம் கிடைக்கும். உ = 0.6 என்றால் ஓயாத தாளம் வரும். உ = 0.3 என்றால் தளம்பி அடங்கும். உ = 1 என்றாலும் அடங்கும். எல்லைகள் ஏறத்தாழ 0.35, 0.85. சாற்றில் பம்பியால் கண்ட அதே இரண்டு எல்லைகளின் சாயல் இது. கீழ் எல்லைக்கருகே அலைவுகாலம் 14 அலகு, மேல் எல்லைக்கருகே 7. வரத்துக் கூடினால் தாளம் விரையும் என்று முன்பு சொன்னதும் இங்கே தெரிகிறது.

ஒரு பொறி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். வேலை குறையட்டும் என்று நேரப்படியை 0.1 ஆக்கி, உ = 0.9 போட்டால் ஓயாத தாளம் வரும். அது பொய். அந்த இடத்தில் சமன்பாடு அடங்கத்தான் வேண்டும். நேரப்படி சுமார் 0.078ஐத் தாண்டியதும் கணக்கு முறையே தளம்பலை ஊட்டுகிறது. தாளம் ஒன்று கிடைத்தால் நேரப்படியைப் பாதியாக்கி மறுபடியும் ஓட்டுங்கள். அப்போதும் நின்றால் நம்புங்கள்.

பிறகு இப்படிப் பத்துச் சோடி நிரல்கள் அமையுங்கள். பத்துக் கலங்கள். உ பெறுமானத்தை 0.55 தொடக்கம் 0.65 வரை சிறிது சிறிதாக மாற்றிக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொடங்கி, 200 அலகு நேரம் ஓட்டி, பத்து டி பெறுமானங்களின் சராசரியைத் தனி நிரலில் வரையுங்கள். முதலில் உயரமாக ஆடும் சராசரிக் கோடு போகப்போகத் தணிந்து பெருமளவு தட்டையாகும். அடுத்து ஒவ்வொரு வேகத்தோடும் 0.2 × (சராசரி − தன் பெறுமானம்) என்பதை, டி, ச ஆகிய இரண்டுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மைக் கலங்கள் பேசுவது அசற்றல்டிகைட்டால், ஏ.டி.பி.யால் அல்ல. மாதிரியில் பேச்சு என்ற ஒன்றை நுழைப்பதற்கு இது போதும். சராசரிக் கோடு இந்தத் தடவை தணியாமல் ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு பழைய, பேச்சில்லாத அட்டவணைக்குத் திரும்பிப்போய், சராசரி தட்டையாகக் கிடக்கும் அந்த இடத்தில், மூன்றாவது கலத்தின் நிரலை மட்டும் தனியாக வரைந்து பாருங்கள்.